இடது தோளில் கண்ணாடிக் கோப்பைகள்

என் மனிசிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு, அவளைத் தூக்கிறது என் வேலையாயிற்று.

கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு. கதிரையிலிருந்து கக்கூசுக்கு. பிறகு திரும்பவும் கதிரைக்கு. காலமை ஒரு பிள்ளை வந்து உடம்பு கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுப் போகும். அரசாங்கம் அனுப்புகிற பிள்ளை. மிச்ச நேரமெல்லாம் நான்தான்.

நான் பாண் பக்டரியில் மா மூட்டை தூக்கினவன். தூக்கத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மூட்டை தோளில் ஏறினால் சும்மா கிடக்கும். மனிசர் அப்படி இல்லை. பயத்தில் பின்னுக்குச் சாய்வார்கள். நான் முன்னுக்கு நின்று, என் முழங்காலை அவளுடைய முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்புப் பட்டியில் பிடித்து எழுப்புவேன். அவள் நல்ல கையால் என் கழுத்தைக் கட்டுவாள். விழுந்த பக்கத்தின் பாரம் முழுக்க என் இடது தோளில் வந்து இறங்கும்.

நாங்கள் இருப்பது கனடாவில், டோர்செட் பார்க்கில், பழைய அப்பார்ட்மென்ற் ஒன்றில். மகள் கலியாணம் முடித்து றிச்மண்ட் ஹில் பக்கம் போய்விட்டாள். சனிக்கிழமையில் சாமான் வாங்கிக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் மகளும் நிற்க, அந்தப் பிள்ளையை அனுப்புகிற ஒப்பீசிலிருந்து ஒரு பொம்பிளை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கக்கூஸ் வாசலை அளந்தாள். மனிசியைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். தூக்கிக் காட்டினேன். அவள் மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பாவாலை தூக்கேலாமல் போனால், அம்மாவை வயோதிபர் ஹோமிலைதான் விடவேணுமாம்."

மனிசி கேட்டுக்கொண்டிருந்தாள். பாரிசவாதத்துக்குப் பிறகு அவளுக்குக் கதை மெல்லத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுக்க வேண்டும். ஒப்பீஸ் பொம்பிளை போன பிறகு சொன்னாள்.

"நான் உடுப்புத் தோய்ச்ச இடம். அங்கை நான் படுக்கமாட்டன்."

கனடாவுக்கு வந்த காலத்திலிருந்து அவள் அப்படியொரு ஹோமின் நிலக்கீழ் அறையில்தான் உடுப்புத் தோய்த்தாள். கீழே வருகிற படுக்கை விரிப்பைப் பார்த்தாலே மேலே ஆர் என்ன பாடுபடுகினம் என்று தெரியும் என்பாள். சாப்பிடும்போது சொல்லுவாள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

"விடமாட்டன்" என்றேன்.

பிறகு அந்தத் தோள்தான் போனது. ஒரேயடியாய்ப் போகவில்லை. முதலில் சேட்டுக் கைக்குள் கையைப் போட ஏலாமல் வந்தது. பிறகு இடப்பக்கம் சரிந்து படுக்க ஏலாமல் வந்தது. ஒரு காலமை அவளைக் கதிரையிலிருந்து எழுப்பும்போது உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒன்று. சத்தம் இல்லை. எனக்குத் தெரிந்தது. அவளைக் கீழே விடவில்லை. இருத்திவிட்டு, குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் ஸ்கேன் எடுப்பித்தார். எங்கட ஆள். படத்தைக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி.

"தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு. ஆறும். ஆனால் ஓய்வு வேணும். பாரம் தூக்கப்படாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மாசக் கணக்கிலை."

குளிசை தந்தார். ஓய்வை அவர் தர ஏலாது. குளிசை வயிற்றை எரித்தது. இரண்டு கிழமையில் விட்டுவிட்டேன். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே ஒப்பீசுக்குப் போன் போகும் என்று தெரியும்.

எங்கள் கட்டடத்தில் ட்ரக் ஓடுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். கீழே லிப்டுக்குக் காத்து நிற்கும்போது என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கையை மடியிலை கட்டின மாதிரி நிக்கிறியள்?"

"தோள்."

"கப்பிங் செய்து பாத்தனீங்களே?"

"அது என்ன?"

சொல்லி விளங்கப்படுத்திறதை விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே திரும்பிச் சேட்டைத் தூக்கிக் காட்டினார். முதுகு முழுக்க வட்டம். பீற்றூட் வெட்டி ஒட்டின மாதிரி. பக்கத்தில் நின்ற பிலிப்பீன்ஸ் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டா.

"சேட்டை இறக்கும் ஐசே."

"பயப்பிடாதேங்கோ அண்ணை, நோகாது. கழுத்துத் திரும்பாமல் கண்ணாடியை மட்டும் பாத்து ட்ரக் ஓடினவன் நான். இப்ப பாருங்கோ." ஆந்தை மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். "அஜின்கோர்ட்டிலை, ஒரு சீன மனிசி. கை இரும்பு."

அடுத்த கிழமை போனேன். வீட்டில் மனிசியைக் கதிரையில் இருத்தி, ரீவியைப் போட்டு, தண்ணீரும் போனும் நல்ல கைப்பக்கம் வைத்துவிட்டு, கென்னடி றோட்டு பஸ் எடுத்தேன். அவள் கக்கூசுக்குப் போகக் கேட்கிறதுக்கிடையில் திரும்பி வந்துவிடலாம். அந்த அளவு தூரம்தான்.

பிளாசாவில் மரக்கறிக் கடைக்கு மேல், படியேறிப் போகிற ஒரு சின்ன இடம். மருந்தெண்ணெய் மணம். அந்தச் சீன மனிசிக்கு என் வயது இருக்கும். குள்ளம். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு, அதனால் விளங்கியது. என் கையைப் பிடித்து மேலே, பக்கம், பின்னுக்கு என்று அசைத்துப் பார்த்தாள். நான் முகத்தைச் சுளிக்காமல் இருந்தேன். ஆனாலும் நோகிற இடத்தை விரலால் சரியாய்த் தொட்டாள்.

"சாப்பிட்டதோ?" என்று கேட்டாள். வெறும் வயிற்றோடு செய்யக் கூடாதாம். அன்றைக்கு இடியப்பம் சாப்பிட்டுத்தான் போனேன். "சாப்பிட்டாச்சு" என்றேன்.

குப்புறப் படுக்க வைத்து எண்ணெய் பூசினாள். பஞ்சில் நெருப்பு வைத்துக் கண்ணாடிக் கோப்பைக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்துவிட்டு, டக்கென்று தோளில் கவிழ்த்தாள். நெருப்புச் சுடவில்லை. தோல் மேலே எழும்பிக் கோப்பைக்குள் போனது. ஆரோ பின்னுக்கு நின்று சதையைப் பிடித்துத் தூக்கிற மாதிரி. பிறகு இன்னொன்று. தோளைச் சுற்றி வைத்துவிட்டுத் துவாயால் மூடினாள்.

இவ்வளவு காலமும் எல்லாம் என் தோளை அமத்தினதுதான். மூட்டை அமத்தியது. மனிசி அமத்தினாள். முதல் தரம் ஒன்று அதை மேலே இழுத்தது. கண் மூடிக் கிடந்தேன்.

கோப்பைகளைக் கழற்றின பிறகு சீன மனிசி சொன்னாள். கோப்பை இரத்தத்தை அந்த இடத்துக்குக் கூப்பிடும். இறுகின சதை இளகும். நோ குறையும். ஆனால் கிழிந்ததைக் கோப்பை தைக்காது. அது தானாய்த்தான் ஒட்ட வேண்டும், இளகின சதை அதுக்கு இடம் விடும், அவ்வளவுதான். "றெஸ்ற்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் பெலத்துச் சொன்னாள்.

அன்றிரவு இடப்பக்கம் சரிந்து படுத்தேன். விடியும்வரை எழும்பவில்லை.

டொக்டரிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. இரத்தத்தை இளக்கிற குளிசை எடுக்கிறதோ என்று கேட்டார். இல்லை என்றேன். "சிலருக்கு நோ குறையுது. செய்யிறதெண்டால் செய்யுங்கோ. ஆனால் நோ குறைஞ்சிட்டுது எண்டு தூக்காதேங்கோ. நோ குறையிறது வேறை, ஆறுறது வேறை." ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கினேன்.

மகளுக்கு வட்டம் தெரியாமல் கொலர் வைத்த சேட்டுப் போட்டுக்கொண்டேன். மனிசிக்கு மறைக்க ஏலாது. கழுத்தைக் கட்டும்போது கண்டுவிட்டாள்.

"உதென்ன?"

"கப்பிங். நோவுக்கு."

வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தாள்.

"ஆர்... உங்கடை முதுகிலை... தேத்தண்ணிக் கோப்பை வைச்சது?"

அவள் பகிடி விட்டுக் கன மாதம்.

பிறகு கிழமைக்கு ஒருக்காப் போனேன். முதல் முதல் வட்டம் கறுப்பாய் இருந்தது. போகப் போகச் சிவப்பாகி மங்கியது. கை காதுவரை எழும்பியது. மேல்தட்டில் இருந்த சீனிப் போத்தலை எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு கிழமையும் சீன மனிசி அதே இடத்தில் விரலை வைத்து, "நீ தூக்கிறாய்" என்பாள். அவள் இளக்கி விடுவாள். நான் திரும்பக் கொண்டுபோய் இறுக்குவேன். வெயில் காலம் முழுக்க இப்படிப் போனது.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம். மனிசி கலியாணம் முடித்த வருசத்திலிருந்து பிடித்தவள். மருந்து குடிக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். பிடித்த விரதத்தை இடையில் விடக் கூடாது என்று அவள் அழுதாள். அதனால் அவளுக்குப் பதிலாய் நான் பிடித்தேன். எனக்குச் சாமி பக்தி பெரிதாய் இல்லை. அவள் அழுகையை நிப்பாட்டினால் போதும். பகலில் ஒன்றும் இல்லை. பொழுதுபட ஒரு கப் பாலும் பழமும்.

நாலாம் நாள் கப்பிங். போகாமல் விட்டிருக்கலாம். தோள் நொந்தது, போனேன்.

"சாப்பிட்டதோ?"

"சாப்பிட்டாச்சு."

வாயில் தானாய் வந்தது. எங்கட ஆக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் ஆராவது இல்லை என்று சொல்லுவார்களா? வயிறு ஒட்டிக் கிடந்தாலும், இப்பதான் சாப்பிட்டனான் என்றுதான் சொல்லுவம். இல்லை என்றால் அது சோறு கேட்கிற மாதிரி. விரதம் என்று சொல்லுகிறதும் பெருமை பேசுகிற மாதிரி. அந்த மனிசி உபசாரத்துக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு அதைத்தான் சொன்னது.

கோப்பை வைத்தாள். அன்றைக்கு உடம்பெல்லாம் சூடு பரவினது மாதிரி இருந்தது. கழற்றின பிறகு எழும்பி நின்றேன். சுவரில் இருந்த படம் தூரப் போனது. பிறகு ஒன்றும் இல்லை.

கண் திறந்தபோது நிலத்தில் கிடந்தேன். கட்டில் விளிம்பில் இடது தோள் அடிபட்டிருந்தது. அந்த மனிசி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ் வந்தது. நான் "மனிசி தனிய" என்றேன். ஆங்கிலத்திலும் சொன்னேன். அம்புலன்சில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நேர்ஸ் தோடம்பழச் சாறு தந்தாள். குடித்தேன். விரதம் முறிந்தது.

பொழுதுபடத்தான் மகள் வந்தாள். வேலையிடத்தில் போனை அணைத்து வைத்திருந்தாளாம். முதலில் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"அம்மா?"

"இருக்கிறா. பக்கத்து வீட்டு அன்ரி நிக்கிறா." கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "சாப்பிடாமல் ஏனப்பா போனனீங்கள்?"

"விரதம்."

"அவ உங்களைக் கேக்கேல்லையோ?"

"கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சாப்பிட்டாச்சு எண்டன்."

"ஓ மை கோட், அப்பா. வை?"

"கேட்டால் அப்பிடித்தானே சொல்லுறது."

சிரிக்கத் தொடங்கினாள். அது அழுகையாய் மாறியது. ஆஸ்பத்திரிச் சட்டை பின்னுக்குத் திறந்திருந்தது. எழும்பி வந்து என் முதுகைப் பார்த்தாள். விரலால் ஒரு வட்டத்தைத் தொட்டாள்.

"எவ்வளவு காலமாய் இது?"

"வெயில் காலம் தொடங்க."

"தோள் இவ்வளவுக்கு இருந்ததை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவளுக்கே பதில் தெரியும்.

பிறகு மற்றதைச் சொன்னாள். போன் மனிசியின் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்துவிட்டது. எடுக்க ஏலாது. கதிரையிலேயே இருந்திருக்கிறாள். உடுப்பெல்லாம் நனைந்து, அது காய்ந்தும் விட்டது. மகள் கதவைத் திறக்க, "அப்பா எங்கை" என்று மட்டும் கேட்டாளாம்.

ஸ்கேன் படத்தில் தோளின் கிழிவு கூடியிருந்தது. கையைக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை ஒப்பீஸ் பொம்பிளை திரும்ப வந்தாள். அதுவரை மகள் லீவு போட்டு எங்களோடு நின்றாள். மேசையைச் சுற்றி இருந்தோம். மகள் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினாள். மனிசி நல்ல கையைத் தூக்கி மறித்தாள்.

"நான் போறன்."

"அம்மா?"

"போறன். சொல்லு அவவுக்கு."

"நான் விடமாட்டன் எண்டு சொன்னனான்" என்றேன்.

"நீங்கள் விடேல்லை. நான் போறன்." மூச்சு எடுத்தாள். "அண்டைக்கு... கதவையே பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள்... செத்துப்போனியள் எண்டு நினைச்சன். இன்னொருக்கா... அப்பிடி இருக்கேலாது."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் எடுத்தது. ஒப்பீஸ் பொம்பிளைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனையைக் கீழே வைத்துவிட்டு இருந்தாள்.

பனி கொட்டத் தொடங்கின மாதத்தில் இடம் கிடைத்தது. அவள் வேலை செய்த ஹோம் இல்லை. வேறொன்று, இரண்டு பஸ் எடுக்க வேண்டும். போன அன்றைக்குப் படுக்கை விரிப்பை நல்ல கையால் தடவிப் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

நான் சீன மனிசியிடம் திரும்பப் போனேன். அவள் என்னை வாசலில் நிப்பாட்டினாள்.

"நீ பொய் சொன்னாய்."

"ஓம்."

அதுக்குப் பிறகு சாப்பிட்டதோ என்று கேட்கிறதை அவள் விட்டுவிட்டாள். போனவுடன் ஒரு அவித்த பணிஸ் தருவாள். கடைசி வாய் விழுங்கும்வரை முன்னுக்கு நிற்பாள். அதுக்குப் பிறகுதான் எண்ணெய்ப் போத்தலைத் திறப்பாள். டொக்டர் சொன்ன இடத்தில் பிசியோவுக்கும் போனேன். றப்பர் பட்டியை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். தூக்க ஒருவரும் இல்லை. தோளுக்கு வேறு வேலை இல்லாமல், ஆறுகிறது ஒன்றுதான் வேலையாய் இருந்தது.

பனி கரைய, கை முழுக்க எழும்பியது. கோப்பை வைத்தாலும் வட்டம் பெரிதாய்ப் பதியவில்லை. வெறும் சிவப்பு. பின்னேரத்துக்குள் போய்விடும். சீன மனிசி என் முதுகில் ஒரு அடி போட்டு, முடிந்தது, இனி வராதே என்றாள். டொக்டர் படத்தைப் பார்த்து, நல்லாய் ஆறியிருக்கு என்றார்.

"எது ஆத்தினது? கோப்பையோ, பயிற்சியோ?"

"கோப்பை நோவைக் குறைச்சதாலைதான் பயிற்சி செய்யக் கூடியதாய் இருந்தது. ரெண்டும் உதவினதுதான். ஆனால் முக்கியம், நீங்கள் தூக்காமல் விட்டது."

அங்கிருந்து நேரே ஹோமுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு முந்தின நேரம். அவள் சன்னலோரம் கதிரையில் இருந்தாள்.

"டொக்டர் என்னவாம்?"

"ஆறிட்டுதாம்."

"கையைத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினேன்.

"மற்றக் கையையும்."

இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"பொலிஸ்... பிடிச்ச மாதிரி" என்றாள். பக்கத்துக் கட்டில் கிழவி எங்களைப் பார்த்தாள். நான் கையை இறக்கினேன். அவள் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப... ஆரைத் தூக்கப் போறியள்?"

சன்னலுக்கு வெளியே கார் நிற்பாட்டுகிற இடத்தில் ஊத்தைப் பனி குவிந்து கிடந்தது.

அவளுக்கு முதுகு நொந்தது. கட்டிலில் படுக்க வேண்டும் என்றாள். நான் எழும்பி, முன்னுக்கு நின்று, முழங்காலை முட்டுக் கொடுத்தேன். அவளும் பழக்கத்தில் நல்ல கையை என் கழுத்துக்குக் கொண்டு வந்தாள். அதுக்குள் ஹோமில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று உள்ளே ஓடி வந்தது. வேண்டாம், வேண்டாம். இங்கே வீட்டாக்கள் தூக்கக் கூடாது. சட்டம். எனக்கு ஏதும் நடந்தால் தங்களுக்குப் பிரச்சினை. குரல் நல்லாய்த்தான் இருந்தது. ஏசவில்லை. என் கழுத்திலிருந்த கையை மெல்ல எடுத்து அவள் மடியில் வைத்தது.

ஆளைத் தூக்கிற மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர். தூளி மாதிரி ஒரு துணியை அவளுக்குக் கீழே செருகி, நாலு மூலையையும் கொளுவி, ஒரு பட்டனை அமத்தினார்கள். மோட்டர் முனகியது. அவள் மேலே எழும்பினாள். ஆருடைய தோளிலும் பாரம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். விழுந்த கால் ஆடி மெசினில் தட்டுப்படப் பார்த்தது.

"ஐயா, அந்தக் காலைப் பிடிக்கிறீங்களோ?" என்று அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது. "ஆடாமல்."

பிடித்தேன். குளிர்ந்து போயிருந்தது. கட்டிலில் இறக்கி முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.